சூசையம்மா பேசாத காட்சிக்கு மாதிரி விடை

றக்வான,
வெள்ளிக்கிழமை.

ஆசிரிய ஆலோசகரும், அதற்கு முன்பே என் சித்தப்பாவுமாகிய மதிப்புக்குரிய ரெஜினோல்ட் அவர்களுக்கு,

விடாத மழையிலும் நாங்கள் நலம். இரத்தினபுரியில் தாங்களும், சித்தியும், தங்கள் மாதிரி விடைகளும் நலமாயிருக்கக் கர்த்தர் துணைசெய்வாராக.

நூலையும் அதன் திரைப்படத்தையும் பிள்ளைகள் ஒப்பிட்டு ஆராய வேண்டும் என்று பயிற்சிப் பட்டறையில் கட்டளையிட்டீர்கள். தேயிலைத் தோட்டத்து வேலைநிறுத்தம் பற்றிய அந்த நாவலைப் பத்தாம் வகுப்போடு வரிவரியாகப் படித்துவிட்டுப் படத்தைப் போட்டேன். படம் எடுத்தது எங்கள் தோட்டத்தில், கூட்டமாக நடித்தது எங்கள் லயத்து வீடுகளின் பெண்கள் என்பதெல்லாம் உங்கள் கையேட்டுக்குத் தெரியாது, ஆகவே "நிப்பாட்டுங்க டீச்சர், எங்க அத்தை!" "போடா, வெறும் முதுகுதான் தெரியுது, அதுக்கு இந்தப் பெருமையா!" என்று காட்சிக்குக் காட்சி சண்டை. கடைசியில் பங்களா வாசல் வந்தது. புத்தகத்தில் ஒரு கொழுந்துக்காரி துரையை மூன்று பக்கம் வெளுத்து வாங்குகிறாள் அல்லவா? படத்தில் அவ்வளவையும் கொழும்பிலிருந்து வரும் கதாநாயகன் பேசுகிறான். அவள் பின்னால் நிற்கிறாள். அந்த வேடத்தில் நின்றவர் என் மாணவி அனிற்றாவின் தாய் சூசையம்மா.

"நாங்க ஒண்ணுமே சொல்ல வேணாமா சார்னு எங்கம்மா கேட்டாங்களாம் டீச்சர். டைரக்டரு வாயில வெரல வச்சு 'கதா கரன்ன எபா'ன்னாராம், பேசவே கூடாதாம்."

மாகாணப் போட்டிக்கு ஆள் தெரிவுசெய்ய உங்களுக்கு அனுப்பிய விடைத்தாளில் அனிற்றா எழுதினாள்: "படம் அவளுடைய முகத்தை எடுத்துக்கொண்டு, பேச்சை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது."

அதற்கு நீங்கள் போட்டது பூச்சியம்! உங்கள் கையேட்டின் மாதிரி விடை, 'திரைப்படம் நூலின் மௌனங்களுக்குக் குரல் கொடுக்கிறது' என்பதாம். எந்த மௌனம், சித்தப்பா? நாவலைப் படித்துவிட்டா எழுதினீர்கள், போஸ்டரைப் பார்த்தா? அதை அப்படியே ஒப்புவித்த இந்திரகுமாருக்கு முழுப் புள்ளி, மாகாணப் போட்டிக்கும் அவனே போகிறான். "நான் பொஸ்தகமே படிக்கல்லியே டீச்சர்" என்று அவனே வெட்கப்படுகிறான். உங்களுக்கு அந்தத் தொந்தரவும் இல்லை. அனிற்றா அன்றிலிருந்து வகுப்பில் வாய் திறப்பதில்லை.

மறுமதிப்பீடு கேட்டு உங்கள் நாற்காலியை அசைக்க மாட்டேன். இந்தப் பாடத்தையும் இனித் தொடமாட்டேன். விடயம் நம் குடும்பத்துக்குள்ளேயே முடியட்டும். கர்த்தர் தங்களுக்கு நீண்ட ஆயுளும், அதில் ஒரு நாவலாவது வாசிக்க ஓய்வும் அருள்வாராக.

பணிவுள்ள மகள்,
ரோஷானி

பி.கு.: குடும்பத்துக்குள் முடியாது போலிருக்கிறது. அனிற்றா அந்த மூன்று பக்கத்தையும் தாய்க்கு வாசித்துக் காட்டிவிட்டாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில், கூட நடித்த பெண்களையும் கூட்டிக்கொண்டு சூசையம்மா உங்கள் காரியாலயத்துக்கு வருகிறார். வழிகாட்ட நானும் வருகிறேன். வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம். துரையின் பெயர் வரும் இடத்தில் மட்டும் உங்கள் பெயரைப் போட்டுப் பழகுகிறார்.