கடலைக்காட்டில் ஏரோப்ளேன் இறக்கிய வழக்கு

கப்பலூரில் பாட்டில் மூடிச் சாம்ராஜ்யத்தை ஒன்றரை வருஷம் ஆண்டு, தற்சமயம் ஓசூரில் அஞ்ஞாதவாசம் புரியும் மகா கனம் பொருந்திய மருமகன் ராம்கி மாப்ளை சமூகத்துக்கு,

திருநகர் மூன்றாவது ஸ்டாப்பிலிருந்து உன் தாய்மாமன் கருத்தக்கண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தை கனகலட்சுமி, என் முழங்கால் வலி மூவரும் பரம சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் போனில் விசாரிக்கலாமென்று இதுவரை நாலாயிரத்துச் சொச்சம் தடவை அடித்தாகிவிட்டது. பிரதம மந்திரிக்கு அடித்திருந்தால்கூட மூன்றாவது தடவையே எடுத்திருப்பார். நீ எடுக்காததால் தபால் இலாகாவைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பும் என் தலையில் விழுந்துவிட்டது.

சேதிக்கு வாரேன். ஜெயிச்சாச்சு மாப்ள. கொட்டாம்பட்டியில் உங்கம்மாவின் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்டை பேங்க் ஏலம் விட்டது செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. மூடிக் கம்பெனி படுத்ததால்தான் அம்மா நிலம் போச்சு என்று நீ பதினாலு மாசமாக ஊர்ப்பக்கம் முகம் காட்டாமல் இருக்கிறாய். கேட்டுக்கோ, நிலம் போனதுக்குக் காரணம் நீயில்லை. இந்தக் கடிதத்தை எழுதுகிற புண்ணியவான்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நீ மெஷின் வாங்க அக்கா நிலத்தை அடமானம் வைக்கச் சம்மதித்தாளே, அப்போது மதிப்புப் போட பேங்கிலிருந்து ஒரு தம்பி டேப்பும் கேமராவுமாக வந்தார். கூட்டிப்போனது யாரு, நான். அவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கடலைச்செடிக்குள் இறங்கி, "விவசாய நிலமா இருக்கே, பெருசா மதிப்பு வராதே சார்" என்று இழுத்தார். மருமகன் தொழிலதிபராகப் போகிற நேரத்தில் இழுவையா? வாயைத் திறந்துவிட்டேன். "தம்பி, இதைக் கடலைக்காடுன்னு பார்த்தா உங்க கண்ணுலதான் கோளாறு. நாலுவழிச் சாலை இந்தா கிடக்கு. ஆறு மாசத்துல அங்கிட்டு ஏரோப்ளேன் இறங்குது. இங்கிட்டு எட்டு மாடி ஆஸ்பத்திரி. போன வாரம்தான் சிங்கப்பூர்க்காரங்க ரெண்டு பேர் வந்து மண்ணை மோந்து பார்த்துட்டுப் போனாங்க. விவசாயமா, இங்கயா, அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு." தம்பி பயபக்தியோடு எழுதிக்கொண்டார்: விவசாயப் பயன்பாட்டில் இல்லை, குடியிருப்பு மனைக்கு உகந்தது. கடன் கிடைத்தது. அன்றைக்கு நீகூட எனக்கு இரண்டு கறிதோசை வாங்கித் தந்தாய். ஒவ்வொரு தோசையும் வண்டிச் சக்கரம் அம்புட்டு இருந்தது.

அப்புறம் உன் மூடி எந்தப் பாட்டிலுக்கும் பொருந்தாமல் போனது. பாட்டில் கம்பெனிக்காரன் ராத்திரியோடு ராத்திரியாகப் பாட்டில் வாயோட அளவை மாத்துனா நீ என்ன செய்வ, அதை விடு. பேங்க் ஏலம் போட்டது, பிளாட் யாவாரி அழகுபாண்டி எடுத்துவிட்டான். களையெடுக்கப் போன உங்கம்மா, கடலைக்கு நடுவே மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லும் 'அழகு அவென்யூ' என்ற போர்டும் நிற்பதைப் பார்த்துத்தான் விஷயத்தையே தெரிந்துகொண்டாள். ஏலத்துக்கு முன்னால் வரவேண்டிய நோட்டீஸ் வரவேயில்லை. அன்றைக்கு அவள் அழவில்லை மாப்ள. கல்லைச் சுத்திக் களையெடுத்துட்டு வந்து, எனக்குப் போன் போட்டாள்.

தெற்குவாசலில் அப்சானா என்று ஒரு வக்கீல் பொண்ணு, அக்காவை அவளிடம் கூட்டிப்போனேன். வயசு முப்பதிருக்கும், பார்வை மட்டும் தலைமை நீதிபதி பார்வை. பேங்க் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "விவசாய நிலத்தை பேங்க் தானா ஏலம் விட முடியாதும்மா. கோர்ட்டுல கேஸ் போட்டுத்தான் வாங்கணும். ஆனா அவங்க இந்த ரிப்போர்ட்டைப் புடிச்சுத் தொங்குறாங்க. அங்க விவசாயமே இல்லைன்னு யாரும்மா சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அப்புறமென்ன, நான் சொன்னது அத்தனையும் பொய்யென்று நானே பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டுமாம். கொடுக்கிறதுதான் கொடுக்கிறோம், கௌரவமாகக் கொடுப்போம் என்று 'மதுரை ஜில்லாவிலேயே தலைசிறந்த பொய்யனாகிய நான்' என்று ஆரம்பித்தேன். "அதுவும் மிகைதான் சார், அடிச்சுட்டேன்" என்றாள் அப்சானா. கடைசியில், 'மனுதாரரின் தம்பியாகிய நான் எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கமுள்ளவன்' என்று போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டாள். அறுபத்திரண்டு வருஷப் பேச்சு, ஒத்த வரியில முடிஞ்சுபோச்சு.

விசாரணையன்னைக்கு பேங்க் வக்கீல் எந்திரிச்சாரு. கோட்டுக்கே தனியா ஒரு கோட்டுப் போட்ட மாதிரி ஆளு. "பழக்கமாகவே பொய் சொல்றவர்னு இவரே எழுதிக் குடுத்திருக்கார். அப்ப இந்தப் பத்திரத்தை மட்டும் எப்படி நம்புறது?" எந்தச் சபையிலயும் நான் இப்படி முழிச்சதில்ல மாப்ள, என் கல்யாணத்தைத் தவிர. அப்சானா அசரலை. பேங்க் குடுத்த அதே ரிப்போர்ட்டுல ஒட்டியிருந்த போட்டோவை எடுத்து நீட்டுனா. அதுல நான் ஆகாசத்தைப் பார்த்துக் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன், ஏரோப்ளேன் இறங்குற திசையைக் காட்டுறேன். காலைக் காணோம். முழங்காலுக்குக் கீழ பூராவும் கடலைச்செடி. கூடவே வருஷா வருஷம் கடலைன்னு வி.ஏ.ஓ. எழுதின அடங்கல் பயிர்க்கணக்கையும் வச்சா. அப்பத்தான் உங்கம்மா, பின்னாடி பெஞ்சுல இருந்தவ, யாரையும் கேக்காம எந்திரிச்சா.

"அய்யா, இவன் எந் தம்பி. இவன் சொன்னது எதையும் நான் நாப்பது வருசமா நம்புனதில்ல. நான் கைநாட்டு. பேங்குல அம்புட்டுப் பேரும் படிச்சவுக. காலுக்குக் கீழ கடலை நிக்கிறப்ப, இவன் பேச்சை எப்படி நம்புனாக?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். ஏலம் ரத்து, நிலம் உங்கம்மா பாண்டியம்மாளுக்கே, அழகுபாண்டி கட்டியதை பேங்க் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பு. உங்கம்மா நேரே காட்டுக்குப் போய்ப் பதினெட்டுக் கல்லையும் ஒத்தைக் கையால் பிடுங்கி, ஒவ்வொன்றையும் அடுத்த தாலுகாவில் போய் விழுகிற மாதிரி எறிந்தாள். கடன் அப்படியேதான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதை முறையா, தவணை கேட்டுக் கட்டிக்கலாம். அதுக்கு நீ வேணும். ஓசூரில் உட்கார்ந்து கொண்டு உன்னை நீயே ஏலம் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்? ஜெயித்த வீட்டுக்கு வர என்ன கூச்சம்? பஸ் ஏறு.

உன் அத்தை உனக்கு ஆயுசு நூறு சொல்லச் சொன்னாள், நான் என் கணக்கில் இருபது சேர்த்திருக்கிறேன். சகல ஐசுவரியங்களும் வரிசையில் நின்று உன் வாசலுக்கு வர ஆசீர்வதிக்கும்,

தாய்மாமன்,
கருத்தக்கண்ணன்.

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் இதை உங்கம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஜெயிச்சாச்சு என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டாள். தீர்ப்பு இன்னும் வரலை மாப்ள. போட்டோ நெசம், அவ கேட்டது நெசம், நீதிபதி சிரிச்சதும் நெசம். வர்ற பதினெட்டாம் தேதிக்குத் தள்ளி வச்சிருக்காங்க, எந்தப் பக்கமும் போகலாம். மஞ்சக் கல்லெல்லாம் நட்ட இடத்துலயேதான் நிக்குது. ஜெயிச்சோம்னு சொன்னா நீ கூசாம வருவேன்னு நான்தான் எழுதிட்டேன். உங்கம்மா சொன்னதை அப்படியே கீழே எழுதுறேன், ஒரு எழுத்துக்கூட எனதில்ல:

"ஜெயிச்சா வான்னு எழுதாதடா. தோத்தாலும் வரச் சொல்லு. பதினெட்டாம் தேதி அந்தப் பெஞ்சுல எம் பக்கத்துல வந்து உக்காரச் சொல்லு."