பேருந்தில் தொலைந்த கல்யாணம்

பொய் சொல்வது பாவம். பிரமாணப் பத்திரத்தில் பொய் சொல்வதோ சிறைக்குரிய குற்றம். ஆகவே அத்தகைய மகத்தான காரியத்தைக் கண்ட இடத்தில் செய்யாமல், அதற்கென்றே சட்டம் படித்த ஒருவரிடம் போய் முறைப்படி செய்துகொள்வதுதான் நாகரிக சமுதாயத்துக்கு அழகு.

இந்த நாகரிகம் கண்ணாடிக் கடைக்காரருக்கு எட்டவில்லை. பொய் அவர் வாயில் வராது. மனைவி புது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எப்படிங்க இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டபோது, "ஆந்தை மாதிரி இருக்கு" என்றார். அந்த அம்மாள் பீரோவைத் திறந்தார், திருமணச் சான்றிதழை எடுத்தார், சுக்குநூறாகக் கிழித்தார்.

கோபம் தணிந்து சமாதானமும் ஆகிவிட்டது. ஆனால் இப்போது வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம். விசாவுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழின் நகலுக்கு, அது எப்படிப் போயிற்று என்று பிரமாணப் பத்திரம் வேண்டும். இருவரும் நோட்டரி வக்கீலின் அறைக்குப் போனார்கள்.

"எப்படித் தொலைஞ்சது?" என்று கேட்டார் வக்கீல்.

"தொலையலைங்க. இவ கிழிச்சுட்டா," என்றார் கடைக்காரர்.

"ஆமா, நான்தான் கிழிச்சேன்," என்றார் மனைவி, சற்றுப் பெருமையாகவே.

வக்கீல் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாம்மா! கிழிச்சதுன்னு எழுதினா, குடும்பத் தகராறுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. பஸ்ல போகும்போது தவறிடுச்சு. அதான் வழக்கம்."

"நாங்க பஸ்லயே போறதில்லையே. ஸ்கூட்டர்தான்."

"சார், சத்தியம் பண்ற இடத்துல விளையாடாதீங்க!"

கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு பக்கம் ஜெயில்; மறுபக்கம் இன்னும் பிறக்காத பேரப்பிள்ளை. பேரப்பிள்ளை வென்றது. ஒப்பமிட்டார்.

வக்கீல் எழுந்து நின்றார். "இதுல ஒரு வரி பொய்யா இருந்தாலும் ஜெயில். புரியுதா?"

"புரியுதுங்க. அதான் பயமா இருக்கு."

"அந்தப் பயம்தான் சட்டத்துக்கு நாம காட்டுற மரியாதை," என்று உருகியபடி முத்திரை குத்தினார்.

"எந்த பஸ்னு நகல் குடுக்குற ஆபீசர் கேட்டா?" என்றார் மனைவி.

"கேக்க மாட்டாரும்மா. அவரோடதும் பஸ்லதான் தொலைஞ்சது. நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

தெருவுக்கு வந்ததும் கடைக்காரர் தாளைப் படித்துப் பார்த்தார். 'மேற்படி நபர், யாருடைய தூண்டுதலுமின்றி, உண்மையை மட்டுமே கூறினார்' என்று வக்கீல் சான்றளித்திருந்தார். அதற்கு மேலே, கடைக்காரருடைய பெயரிலேயே ஓர் எழுத்து மாறியிருந்தது.

"போகட்டும், தேதியாவது உண்மையா இருக்கே," என்று பெருமூச்சு விட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "அது நேத்துத் தேதிங்க."