பொன்னாடை போர்த்திய ஓட்டம்

காலை ஆறு பத்து. தாம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் முதலில் பார்த்தது, ஒரு ஸ்கூட்டரில் கட்டியிருந்த பிரம்புக் கூடையை. உள்ளே மடித்து வைத்த பொன்னாடைகள். அவற்றில் பெரும்பாலானவை எனக்குத்தான் என்று அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாத ஞாயிறு. புற்றுநோய் வந்த பிள்ளைகளின் சிகிச்சைக்காக, கிண்டி தாண்டி இருந்த மருத்துவமனை வரை நிதி ஓட்டம். நான் இளம் நிருபர். அதுவரை பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடியவன். ஆனால் பக்கத்து வீட்டு ஷெரினுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஏழு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு அங்கேதான் படுத்திருந்தாள்.

"ஒம்போது மணிக்கு எனக்கு ஊசி. அதுவரைக்கும்தான் கேட்ல நிக்க விடுவாங்க. ஓடித்தான் வரணும், பஸ்ல வரக்கூடாது."

"மான் மாதிரி வரேன் பாரு" என்றேன். (மானுக்குத் தெரிந்திருந்தால் வழக்குப் போட்டிருக்கும்.)

குரோம்பேட்டையில் முதல் வரவேற்பு மேடை. மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு நழுவினார்கள். ஸ்கூட்டரில் வந்த அமைப்பாளர் ஞானமுத்து என்னை மட்டும் மறித்தார். "சார் பேப்பர்ல இருக்கார்!" உடனே ஒரு பொன்னாடை. கழற்றப் போனேன்.

"ஐயோ தம்பி, போர்த்தினவர் பாத்துட்டே இருக்கார். மூஞ்சி மாறிடும். அப்படியே ஓடுங்க."

ஓடினேன். பல்லாவரத்தில் இன்னும் இரண்டு. கூச்சப்பட்டேனா? கேமராவைக் கண்டதும் கழுத்தை நானே நீட்டினேன். மீனம்பாக்கத்தில் எண்ணிக்கை ஐந்தானபோது ஓர் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னா நைனா, மாப்ள ஊர்கோலமா? பொண்ணு எங்க கீது?"

மூச்சு வாங்க, கையை மட்டும் ஆட்டினேன். கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகத் தெரிந்தது, இரண்டிலும் விழுந்தேன்.

ஞானமுத்து என்னை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றி, காலிக் கூடையை மடியில் வைத்தார். மருத்துவமனையை அடைந்தபோது ஒன்பதாக ஐந்து நிமிடம். கேட்டில் ஷெரின், முடி கொட்டிய தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு. ஐந்து பொன்னாடைக்குள் நடுங்கிக்கொண்டு நான். ஸ்கூட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, உங்களுக்கும் ஜுரமா?"

அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்து எனக்கு குளுக்கோஸ் ஏற்றினார்கள். "ஊசியைப் பாக்காதீங்கண்ணா, ஃபேனைப் பாருங்க. வலிக்காது" என்றாள். ஃபேனைப் பார்த்துக்கொண்டே அலறினேன். வார்டு முழுக்கச் சிரித்தது.

மறுநாள் எங்கள் பத்திரிகையில் படம் வந்தது. பொன்னாடை போர்த்தியவர்கள் அத்தனை பேரின் பெயரும் பிழையில்லாமல் இருந்தது. பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. படக்குறிப்பு எழுதியவன் நான்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாருக்காவது பொன்னாடை போர்த்தினால் போதும், என் மனைவி முதல் மைத்துனன் வரை என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் ஜுரமா?" என்பார்கள். ஆரம்பித்து வைப்பது ஷெரின்தான்.

அவளுக்கு இப்போது இடுப்பு வரை முடி.