வேடியப்பன் மேல் பெயிண்ட் படக்கூடாது

உத்தனப்பள்ளி
12.3.2007

மரியாதைக்குரிய மைத்துனர் தங்கதுரை அவர்களுக்கு, அழகர்சாமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை சரஸ்வதியும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி என்று எழுதவும்.

ரிட்டயரானவன் குக்கர் விசிலைக்கூட எண்ணிக் குற்றம் சொல்கிறேன் என்று தங்கை போனில் புகார் சொன்னாளாமே, பொய்யில்லை, ஓசூர் கம்பெனியில் முப்பது வருசம் இன்ஸ்பெக்ஷனில் இருந்த கண் சும்மா இருக்குமா, அதனால்தான் கிருஷ்ணகிரியில் பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கப் பயிற்சி என்றதும் போய்ச் சேர்ந்தேன். டிஜிட்டல் கேமராவில் படம் எடுப்பது, ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி எழுத்தைப் படியெடுப்பது எல்லாம் சொல்லித் தந்தார்கள். கம்பி பிரஷ், ஆசிட், பெயிண்ட் மூன்றும் கல்லுக்கு எமன் என்று பயிற்சி நடத்திய சௌமியா மேடம் படித்துப் படித்துச் சொன்னார். எங்கள் ஊர் நடுகல்லைத் திருவிழா முடியும்வரை கறைபடாமல் காத்தால் எனக்குக் காப்பாளர் அட்டை, போட்டோ ஒட்டி. மச்சான், கழுத்தில் அட்டை இல்லாமல் நான் வெறும் ஆளாகிவிட்டேன். அது எனக்கு வேண்டும்.

கல் இருப்பது சாந்தம்மாவின் ராகிக் காட்டில். ஊருக்கு அது வேடியப்பன் சாமி, வருசா வருசம் சுண்ணாம்பு அடிப்பார்கள். இந்த வருசம் அவர் கொழுந்தன் சென்னப்பன், வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டோடு வந்து நிற்கிறார். ஒரு சொட்டு படக்கூடாது என்று குறுக்கே நின்றேன். "சாமி வெறும் ஒடம்போட நிக்கறதாங்க? உங்க ரூல்ஸெல்லாம் கம்பெனில வெச்சுக்குங்க" என்று சாந்தம்மா கொதித்தார். ஒரே ஒரு தடவை கழுவிக் காட்டுகிறேன் என்று கெஞ்சி, மெத்தென்ற பிரஷும் தண்ணீருமாக இரண்டு நாள் உட்கார்ந்தேன். வாள் வந்தது, புலி வந்தது, கடைசியில் வீரனின் காது வந்தது. "கடுக்கன் போட்டிருக்காரே, நாப்பது வருசமா கும்புடறேன், எனக்குத் தெரியலையே" என்று அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். நானும்தான். பிறகு எதிரே ஒரு செங்கல்லை நட்டு, சுண்ணாம்பு, மஞ்சள், சென்னப்பனின் நீலம் எல்லாம் அதற்கே என்று பேசி முடித்தோம். திருவிழா நல்லபடியாக நடந்தது. நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன், அட்டை வந்த மாதிரிதான்.

வேடியப்பன் துணையில் உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அழகர்சாமி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மேடம் போன். வீரனின் தோளில் பச்சைப் பெயிண்ட் புள்ளி இருக்கிறதாம், சென்னப்பன் வேலையா என்று கேட்டார். இல்லை மச்சான். கழுவி முடித்து, மேலும் கீழும் பார்த்து, குறையில்லை என்றானதும், கம்பெனிப் பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்த பச்சைப் பெயிண்ட் பேனாவால், தேறிய சாமானுக்கு வைக்கும் 'பாஸ்' புள்ளியை நானே வைத்திருக்கிறேன். அட்டை சாந்தம்மாவுக்குப் போய்விட்டது. என்னைக் கல்லுக்குப் பத்தடி தள்ளி நிறுத்துவதுதான் அவருக்குக் கொடுத்திருக்கும் முதல் வேலை.