சாட்சியண்ணனும் ஒரு துண்டு எலும்பும்

திருப்பதியில் ஒரே ஒரு மனுஷரைக் கண்டால்தான் ஜனங்கள் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படிக்கட்டில் ஓடுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரி லேபில் இருக்கும் சாட்சியண்ணன்தான் அவர். நாய் துரத்தினால்கூட அப்படி ஓட மாட்டார்கள்.

நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சின்னத் துண்டை அச்சில் வைத்து, பிளாஸ்டிக் திரவத்தை ஊற்றி, கல்லு மாதிரி இறுக வைப்பது அவர் வேலை. பிறகு அதை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மற்ற லேப்களில் பெரும்பாலும் மெழுகுதான். மெழுகில் கோணலாக வைத்துவிட்டால் உருக்கித் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் இறுகினால் இறுகினதுதான். ஒரு தடவை ஒரு பெரியவரின் துண்டு அச்சுக்குள் சாய்ந்துபோய், அவரை மறுபடி குத்தி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அண்ணனுக்குத் தன் கண் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. ஊற்றுவதற்கு முன்னால் மூணு பேர் வந்து பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும்.

நான் அங்கே ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள். புத்தூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, அப்பாடா என்று உட்கார்ந்தால் போதும், "ஒக்க நிமிஷம் ராம்மா", ஒரு நிமிஷம் வாம்மா என்று தெலுங்கில் கூப்பிட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். போனால் அந்தப் பிளாஸ்டிக் திரவத்தின் நெயில் பாலிஷ் நெடியில் தலை பிளக்கும். லென்ஸைக் கையில் கொடுத்து, துண்டு நேரா படுத்துக்கினு இருக்குதா, நின்னுக்கினு இருக்குதா, குமிழி ஏதாவது கீதா என்று விசாரிப்பார். படுத்துக்கினுதான் இருக்குது, குடுத்து வெச்சது என்பேன். சிரிக்கவே மாட்டார்.

ஆள் கிடைக்காவிட்டால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் சாட்சிதான். தண்ணி ஃபில்டர் ரிப்பேர் பண்ண வந்தவர் அதற்கப்புறம் போனையே எடுப்பதில்லை. ரிப்போர்ட் வாங்க வந்த கான்ஸ்டபிள், சாட்சி என்ற வார்த்தையைக் கேட்டதுமே கோர்ட்டுக்கு அலைய முடியாது என்று நழுவிவிட்டார். மலையிலிருந்து மொட்டைத் தலையோடு இறங்கி வந்த ஒரு பக்தர், காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். யாரோ ஒருத்தருடைய கிட்னியை லென்ஸில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார். என்னத்தைச் சொல்ல.

இதற்கு நடுவில் என் பொண்ணுக்கு எலும்பு வலி வந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. வேறு ஊரில் இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்தார்கள். மெழுகில் வைப்பதற்காக அதை ஆசிட்டில் ஊறவைத்ததில் எலும்பிலிருந்த சுண்ணாம்புச் சத்து மொத்தமும் கரைந்துபோனது. சுண்ணாம்பு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்ததே. இரண்டாம் தடவை எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்தபோது வலி தாங்காமல் என் கையைக் கடித்துவிட்டாள். "இன்னொரு தபா குத்தினா நான் செத்துப்போயிடுவேம்மா" என்றாள்.

அந்தத் துண்டு அண்ணன் மேஜைக்கு வந்தது. ஊற்றுகிற நாளன்று யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். நான் பார்க்கிறேன் அண்ணே என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ வாணாம்மா. கண்ணு நெறைய தண்ணிய வெச்சுக்கினு பாத்தா நேரா இருக்கறதும் கோணலாத்தான் தெரியும். வெளிய ஒக்காரு."

போய் ஆட்களைக் கூட்டி வந்தார். மூணு பேர் இல்லை. கேன்டீன் மாஸ்டர், லிஃப்ட்காரர், வார்டு ஆயாக்கள், பாதி டிபனில் எழுந்து வந்த பெரிய டாக்டர் என்று வராண்டா நிறைய வரிசை. ஒவ்வொருத்தராக உள்ளே போய், படுத்துக்கினு இருக்குது, படுத்துக்கினு இருக்குது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அன்றைக்கு ஒருத்தர்கூட ஓடவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன்.

துண்டு முழுசாகச் சீவ வந்தது. எலும்பில் சுண்ணாம்பு ஏறவில்லை, மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்றார் டாக்டர். இப்போது மாடி ஏறிப் போய் அங்கிருந்து என்னோடு சண்டை போடுகிறாள்.

அண்ணன் திருந்தவில்லை. நேற்றும் வாசலில் வந்து நின்றார், நானும் திட்டிக்கொண்டேதான் எழுந்து போனேன். அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறாராம். விட்டது தொல்லை என்று லேபில் எல்லாரும் சொல்லிக்கொள்கிறார்கள். நான் மட்டும், ஆபீசில் யாராவது அவர் வயசை ரெண்டு மூணு வருஷம் குறைத்துத் தப்பாக எழுதிவிடக் கூடாதா என்று தினமும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.