கவர்னர் வளர்த்த துணை மரங்கள்

பினாங்கில் ஒரே காலத்தில் இரண்டு கவர்னர்கள் இருந்தார்கள் என்று நான் சொன்னால் சரித்திரம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஒருவர் காவல் போட்ட பங்களாவில் இருந்தார். இன்னொருவர் டத்தோ கிராமாட்டில், தகரக் கூரை வீட்டில், காக்கி அரைக்கால் சட்டையோடு இருந்தார். மரங்களைப் பொறுத்தவரை இரண்டாமவர் சொன்னதுதான் சட்டம்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மாதாமாதம் அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ஆனாலும் எனக்கும் அவர் கவர்னர்தான். நாங்கள் வேலை பார்த்தது ஒரு சின்ன நாற்றுப் பண்ணையில். பெரிய மனிதர்கள் விழாக்களில் மரம் நடுவார்களே, அதற்குக் கன்று கொடுத்து, அவர்கள் போனபிறகு பராமரிப்பது எங்கள் தொழில். நான் கணக்கும் கடிதமும் பார்க்கும் கிராணி, அவர் தோட்டக்காரர்.

குழி தோண்டுவது, கன்றை நிமிர்த்துவது, ரிப்பன் கட்டிய மண்வெட்டியைத் துடைத்து நீட்டுவது எல்லாம் அவர். விருந்தினர் மூன்று முறை மண் தள்ளுவார், கைதட்டல் வாங்குவார், கை கழுவிக்கொண்டு காரில் ஏறுவார்.

"அவங்க மூணு வெட்டு மண்ணு, நாம மூணு வருசம் தண்ணி. தகட்டுல பேரு மட்டும் அவங்களுது லா" என்பார் கவர்னர்.

மரங்களுக்கு நட்டவர்களின் பட்டத்தையே பெயராக வைத்துவிடுவார். "டான்ஸ்ரீக்குக் கரையான் புடிச்சிருக்கு." "டத்தோ ரொம்ப சாயுறாரு, முட்டுக் குடுக்கணும்." ஒருநாள் சூலியா தெரு டீக்கடையில் தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டே, "நேத்து மந்திரி கை ரெண்டையும் வெட்டுனேன். இப்பதான் நல்லா இருக்காரு" என்றார். பக்கத்து மேசைக்காரர் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இதையெல்லாம்விடப் பெரிய கிறுக்கு ஒன்று அவர் வீட்டின் பின்புறம் இருந்தது. நடப்படும் ஒவ்வொரு கன்றுக்கும் ஜோடியாக இன்னொன்றை அங்கே வளர்த்தார். பழைய பெயிண்ட் டின்கள் வரிசையாக நிற்கும். துணை டத்தோ, துணை டான்ஸ்ரீ, துணை மந்திரி என்று கோணல் எழுத்தில் எழுதியிருக்கும்.

"எனக்குத் துணி காயப்போட எடமில்ல. டான்ஸ்ரீக்கு மட்டும் வெயிலு கேக்குது" என்று அவர் மனைவி புலம்புவார்.

அந்த வரிசையின் தலைமாட்டில் துணைக் கவர்னர். பங்களாக் கவர்னர் திடலோரம் நட்ட புன்னைக்குத் துணை அது. அந்தப் பெரியவர் சும்மா மண் தள்ளிவிட்டுப் போகிற ரகமல்ல. அரசியலில் இருந்த காலத்தில் மலைச்சரிவை வெட்ட வந்தவர்களோடு மல்லுக்கு நின்று, சொந்தக் கட்சியிலேயே கெட்ட பெயர் வாங்கியவர். அதனால் நம் கவர்னருக்கு அவர்மேல் தனி மரியாதை. "அவரு மரம் தெரிஞ்ச மனுசன்" என்பார். அவர் வாயில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

தைப்பூசம் வந்தால் நம் ஆள் பத்து நாள் லீவு. தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீரும் மோரும் ஊற்றுவார். மழை பெய்யாத மாதம் அது. ஒரு வருடம் அப்படிக் கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"கிராணியம்மா, மத்தவங்களுக்கு ஆள் போட்டுட்டேன். கவர்னரை மட்டும் உங்க கையில குடுக்குறேன். காலையில ஒரு வாளி, சாயந்தரம் ஒரு வாளி."

இரண்டு நாள் ஊற்றினேன். மூன்றாம் நாள் ஈப்போவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பிறகு தேர், பிறகு அன்னதானத்துக்குக் காய் நறுக்கல். சுத்தமாக மறந்தே போனேன். அவர் திரும்பி வந்தபோது புன்னை அப்பளம்போல் காய்ந்து நின்றது. அதே வாரம் பங்களாவிலிருந்து கடிதமும் வந்தது. பெரியவர் பதவி முடிந்து போகிறாராம், தான் நட்ட மரத்தைப் பார்த்துவிட்டுப் போக வருகிறாராம்.

"அந்த மரத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரா இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று முதலாளி எப்போதோ சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலை வேலை போய் மூன்று மாதம். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கவர்னர் நகத்தால் மரப்பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். பச்சையே இல்லை. நான் அழுதேன்.

"அழுதா பத்தாது கிராணியம்மா. அதுவும் உப்புத் தண்ணி" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாளே லோரியில் துணைக் கவர்னர் வந்து இறங்கிப் பதவியேற்றார். ஒரே ஒரு குறை. சுவருக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே வெயிலைத் தேடி வளர்ந்ததில் இடுப்பு வளைந்திருந்தது.

பெரியவர் வந்தார். மரத்தை இரண்டு முறை சுற்றினார். "நான் நட்டது நேராக நின்றதே?" என்று மலாயில் கேட்டார். முதலாளி அவசரமாக, "காற்று, துவான்" என்றார்.

"காத்து இல்ல துவான்" என்று நம் கவர்னர் முன்னால் வந்தார். அவர் மலாயில் சொன்னது தமிழில் இப்படி இருக்கும்: "நீங்க நட்டது செத்துப்போச்சு. நான் கோயிலுக்குப் போயிட்டேன், தண்ணி ஊத்தல. தப்பு என்னுது. இது அதோட தம்பி, எங்க வீட்ல வளந்தது."

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

துணை மரக் கதையைப் பெரியவர் கேட்டுக்கொண்டார். வளைந்த தண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அரசியலில் நானும் எவ்வளவோ நட்டேன். நான் நகர்ந்ததும் பிடுங்கிவிட்டார்கள். துணை வளர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்றார். மண்வெட்டியை வாங்கி மூன்று முறை மண் தள்ளினார். பழக்க தோஷத்தில் உடனே திருப்பி நீட்டினார். நம் ஆள் அதை வாங்கவில்லை. வாளியை நீட்டினார்.

"தண்ணி, துவான்."

முதலாளிக்கு மயக்கம் வராத குறை. பெரியவர் சிரித்துக்கொண்டே வாளியை வாங்கி, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். யாருக்கும் வேலை போகவில்லை.

"ஏன் அண்ணே பழியை உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்று அன்று சாயந்தரம் கேட்டேன்.

"என்னைத் தொரத்துனா மண்வெட்டியத் தூக்கிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போவேன். நீங்க அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு எங்க போவீங்க?"

போன வருடம் நம் கவர்னர் போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். காரியம் முடிந்ததும் அவர் மனைவி டின்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு டின்னாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரு துணை வளர்த்த மனிதர், தனக்கென்று ஒன்று வளர்த்திருக்கவில்லை. வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

வளைந்த புன்னை இப்போது ஆள் நிற்க நிழல் தருகிறது. இனி அதற்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. வாளியோடு போகும் என்னைத் திடலில் ஓடுகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இந்தத் தைப்பூசத்தன்றும் ஒரு வாளி ஊற்றிவிட்டுத்தான் மலையேறினேன், கவர்னர் அண்ணே.