துக்கம் எத்தனை கிலோ?

துக்கத்துக்கு எடை உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. தராசு ஐயா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதுவரை அரிசியையும் இரும்பையும் மட்டும் எடை போட்டுக்கொண்டிருந்த அறிவிலிகள் நாங்கள்.

மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, வாசலில் 'இங்கே பாரம் இறக்கப்படும்' என்று பெரிய பலகை மாட்டினார். முதல் நாள் ஒரு லாரிக்காரர் சிமெண்டு மூட்டைகளோடு வந்து, "எந்தப் பக்கம் இறக்கணும்?" என்று கேட்டாராம். அவர் ஒருவர்தான் அங்கே சரியான கேள்வி கேட்டவர்.

மற்றவர்கள் கேள்வி கேட்கவில்லை. வரிசையில் நின்றார்கள். தூக்கம் வராதவர், அழுகை நிற்காதவர், பரீட்சையில் தோற்றவர், மாப்பிள்ளை அமையாதவர் என்று கொட்டகையின் டிக்கெட் ஜன்னலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை. எல்லோர் தலையிலும் கறுப்புப் போர்வை. அது ஐயாவின் சட்டம். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருடைய துக்கம் அடுத்தவர் மேல் தாவிவிடுமாம். தூரத்திலிருந்து பார்த்தால், உறை போட்ட தையல் மெஷின்கள் தாமாகவே நடந்து வருவதுபோல இருக்கும். போர்வையும் அங்கேயேதான் வாங்க வேண்டும். வீட்டுப் போர்வைக்குத் துக்கத்தைத் தடுக்கிற சக்தி கிடையாது.

மேடையில் ஒரு பெரிய எடை மெஷின். இரும்புத் தட்டின்மேல் நாற்காலி. பின்னால் கடிகாரம் போன்ற வட்ட முகம், அதில் ஒரு சிவப்பு முள். பக்கத்தில் பட்டுத் துணி போர்த்திய பீடத்தில் ஐயா. போர்வைக்குள் இருப்பவர் உட்காருவார். பேசக் கூடாது. முள் ஓர் எண்ணில் நிற்கும். ஐயா கண்ணை மூடி முணுமுணுப்பார். முள் மெல்லக் கீழே இறங்கும்.

"இறங்குது... இறங்குது..." என்பார் ஐயா. கூட்டமே பெருமூச்சு விடும்.

இரண்டு கிலோ, மூன்று கிலோ. கொடுத்துவைத்தவர்களுக்கு நான்கு. கட்டணமும் கிலோக் கணக்கில்தான். இறங்கினால் இறங்கியதற்குக் கட்டணம். இறங்காவிட்டால் நம்பிக்கை போதாததற்கு அபராதம். எங்கள் தெரு பால்காரரின் மனைவி விடாமல் போய் வந்தார். அவருக்கு இறங்கிய கிலோக்களைக் கூட்டிப் பார்த்தால், அந்த அம்மாள் என்றோ காற்றில் கரைந்து போயிருக்க வேண்டும். பால் ஊற்ற இன்னமும் முழுசாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்கும் ஒரு கறுப்புப் போர்வை வந்து சேர்ந்தது. அண்ணனுக்காக.

அண்ணன் மெக்கானிக். வீட்டு முன்பக்கத்தில்தான் பட்டறை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு விசில் அடித்தபடி வேலை செய்வான். விசில் நின்றது. பிறகு வேலை நின்றது. பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தான். அண்ணி சட்டையை மாற்றச் சொன்னால் மட்டும் எழுந்து உட்கார்ந்து, ஒரு கையை நுழைத்துவிட்டு, மறு கையை நுழைக்க மறந்துபோய் அப்படியே இருப்பான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கா? என் பிள்ளை என்ன பைத்தியமா?" என்று அம்மா தராசு ஐயாவிடம் கூட்டிப்போனாள்.

ஐயா சட்டங்கள் சொன்னார். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. சோறு துக்கத்துக்குத் தீனி. மாத்திரை கூடாது, அது பாரத்தைக் கூட்டும். நோயாளியோடு பேசக் கூடாது. ஒவ்வொரு சொல்லும் காது வழியே உள்ளே போய் எடையாகத் தங்கிவிடும். ஆக, சாப்பிடாதவனைச் சாப்பிடச் சொல்லாமல், பேசாதவனோடு பேசாமல், வீடே சேர்ந்து அண்ணனுக்கு வைத்தியம் பார்த்தது.

வைத்தியம் பலித்தது! அண்ணன் இளைத்தான். மருந்துக்கடை மெஷினில் ஏற்றிப் பார்த்தாலும் எடை குறைந்துதான் காட்டியது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. அம்மா அந்த பெல்ட்டைத் தெருவெல்லாம் காட்டினாள்.

"பாருங்க, இவ்வளவு துக்கம் போயிருக்கு! இன்னும் கொஞ்சம்தான் பாக்கி!"

"ஆமா, இன்னும் கொஞ்சம் போனா ஆளே பாக்கி இருக்க மாட்டான்" என்றார் அப்பா. காலில் ஆறாத புண்ணோடு சக்கர நாற்காலியில் இருக்கிற மனுஷன் சொல்லை யார் கேட்பார்கள்?

அந்தக் காலுக்குக் கட்டு மாற்றத்தான் நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வருவார். ஒல்லியான ஆள், பெரிய பை, அதைவிடப் பெரிய குரல். அன்றைக்கு வந்தபோது அம்மா துள்ளிக்கொண்டிருந்தாள்.

"நர்ஸம்மா, இன்னைக்கு என் பையனுக்குக் கடைசிப் பாரம் இறங்கப் போகுது. காலையில எழுந்து குளிச்சுட்டான். மூஞ்சியில அப்படி ஒரு அமைதி!"

நர்ஸம்மாவின் கை கட்டுத் துணியில் நின்றது. "திடீர்னா?"

"திடீர்னுதான். ஐயா மகிமை!"

"வேற என்ன பண்ணினாரு?"

அம்மா அண்ணனுக்கு இஸ்திரி போட்ட சட்டை எடுக்க உள்ளே போய்விட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியாட்களிடம் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் வாய் எப்படியோ திறந்துகொண்டது. "ஸ்பேனர் பெட்டியைப் பக்கத்துப் பட்டறைக்காரருக்குக் குடுத்துட்டான். 'இனிமே எனக்கு வேணாம், நீங்களே வெச்சுக்குங்க'ன்னு."

அந்தப் பெட்டியை அண்ணன் அப்பாவைக்கூடத் தொட விட்டதில்லை.

கொடுத்ததைக் கேள்விப்பட்டு, "பற்று விட்டது" என்று ஐயா கைதட்டியிருந்தார். நர்ஸம்மா கைதட்டவில்லை. கட்டை அவசரமாக முடித்து, கையைக் கழுவி, நேரே அண்ணனின் அறைக்குப் போனார். கட்டில் ஓரத்தில் மடித்து வைத்திருந்த கறுப்புப் போர்வையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, முகத்துக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய குரலைக் காணோம்.

"தம்பி, தூக்கம் எப்படி இருக்கு?"

பதில் வரவில்லை. அவர் இன்னொரு கேள்வியை அதன்மேல் ஏற்றவில்லை. சும்மா காத்திருந்தார். எங்கள் வீட்டில் அண்ணனுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துடுது" என்றான் அண்ணன்.

"சாப்பாடு?"

"மண்ணு மாதிரி இருக்கு."

"பட்டறை?"

"எதுக்குன்னு இருக்கு. நான் இல்லாட்டி எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க."

"உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

"ஐயையோ!" என்று வாசற்படியில் அம்மா அலறினாள். கையிலிருந்த சட்டை விழுந்தது. "என்னம்மா கேக்கறீங்க? இல்லாத நினைப்பைக் கிளப்பி விடறீங்களே!"

"கேட்டா நினைப்பு வராதும்மா. இருந்தா வெளியில வரும்." நர்ஸம்மா அண்ணனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தோணுது" என்றான் அண்ணன்.

"எப்படின்னு முடிவு பண்ணி வெச்சிருக்கீங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தான். அண்ணி உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொன்னீங்களே, நல்லது. இது நோய் தம்பி. உங்க தப்பு இல்ல. வைத்தியம் இருக்கு. இப்பவே போறோம். அதுவரைக்கும் உங்களைத் தனியா விட மாட்டோம்."

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். அழைத்து வரச் சொன்னார்கள். வண்டி வந்து நின்றது. அம்மா வாசலை மறித்துக்கொண்டு அண்ணனின் கையைப் பிடித்தாள். அழுதுகொண்டே பிடித்தாள்; விடவில்லை.

"கடைசிப் பாரம் இன்னைக்கு இறங்குது. இப்பப் போய் மாத்திரை குடுத்தா எல்லாம் திரும்ப ஏறிடும். ஐயா ஒரு வார்த்தை சொல்லாம அனுப்ப மாட்டேன்!"

இருவரும் இழுத்தால் நடுவில் இருக்கிறவன்தான் கிழிவான். அண்ணனின் மறு கையைப் பிடித்திருந்த நர்ஸம்மா விட்டுவிட்டார்.

"சரிம்மா. ஐயா கொட்டகை போற வழியிலதானே? கேட்டுட்டே போவோம். ஆனா முதல்ல நான் கூட்டிட்டு வர்ற ஒரு நோயாளிக்குப் பாரம் இறக்கட்டும். ரொம்ப நாளா அசையாம, பேசாம கிடக்கற ஆள். சரியா?"

"சரி" என்றாள் அம்மா.

"அப்படி ஒரு ஆள் உங்களுக்கு எங்க கிடைப்பாரு?" என்று கிசுகிசுத்தார் அப்பா.

"அதான் யோசிக்கறேன்."

அப்பா பட்டறைப் பக்கம் கையை நீட்டினார். "அங்க ரெண்டு பேர் இருக்காங்க. மூச்சுகூட விட மாட்டாங்க."

அண்ணனோடு அம்மாவும் அண்ணியும் வண்டியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், நானும் நர்ஸம்மாவும் அப்பாவை ஒரு மர நாற்காலிக்கு மாற்றிவிட்டு, சக்கர நாற்காலியில் இரண்டு பழைய டயர்களைக் குத்த வைத்தோம். மேலே தலையாக ஒரு வாளியைக் கவிழ்த்தோம். கறுப்புப் போர்வையைப் போர்த்தினோம். சத்தியமாகச் சொல்கிறேன், வரிசையில் நின்றவர்களுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்பாவையும் மர நாற்காலியோடு வண்டியில் ஏற்றினோம். அவர் இந்தக் காட்சியைத் தவற விடுவாரா?

கொட்டகையில் அண்ணனைக் கடைசி வரிசையில், அண்ணிக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார வைத்தார் நர்ஸம்மா. போர்வை இல்லாமல். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேடை ஏறி, மெஷினின் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, இரும்புத் தட்டின்மேல் நிறுத்தினார்.

"யாரு இது?" என்றார் ஐயா.

"எனக்கு மாமா முறைங்க. பேச மாட்டாரு, சாப்பிட மாட்டாரு. உட்கார வெச்ச இடத்துலயே இருப்பாரு."

ஐயா போர்வைமேல் கையை நீட்டிக் கண்ணை மூடினார். முகம் கனிந்தது. "ஆகா... வாழ்நாளெல்லாம் மத்தவங்க பாரத்தைச் சுமந்த பிறவி!"

"ரொம்பச் சரி" என்றார் கீழேயிருந்த அப்பா.

"உழைச்சு உழைச்சுத் தேய்ஞ்சு போனவர்."

"அதுவும் சரி!"

"ஒரு பெண்ணால ஏமாற்றப்பட்டவர்."

அப்பா இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டயர்களின் சொந்த விஷயம், நமக்கென்ன தெரியும்?

ஐயா முணுமுணுத்தார். சிவப்பு முள் நடுங்கியது. இறங்கியது. ஒரு கிலோ. இரண்டு. மூன்று. கூட்டம் பெருமூச்சு விட்டது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கு கிலோவில் முள் நின்றது.

"இப்ப மனசு எப்படி இருக்கு மகனே?" என்றார் ஐயா, கருணையோடு.

நர்ஸம்மா போர்வையை உருவினார்.

இரண்டு டயர், ஒரு வாளி. எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு எல்லா இடத்திலும்.

"டயருக்கும் ஆத்மா உண்டு!" என்று கத்தினார் ஐயா.

"டியூப் உண்டுங்க. ஆத்மா நாங்க மாட்டறதில்ல" என்றார் அப்பா.

"சரி ஐயா, இருக்கட்டும்" என்றார் நர்ஸம்மா. "மாமாவுக்கு இன்னொரு தடவை இறக்குங்க. ஆனா பீடத்தை விட்டு எழுந்து, இப்படித் தள்ளி நின்னு."

ஐயா எழவில்லை. தெய்வ காரியத்தில் இடம் மாறக் கூடாது என்றார். இடுப்புப் பிடிப்பு என்றார். இரண்டு காரணம் சொன்னதும் கூட்டம் முதல்முறையாக யோசித்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து, யாரும் கேட்காமலே, ஒரு மெல்லிய குரல் வந்தது.

"கால்கிட்ட பெடல் இருக்கு. ஸ்பிரிங் சத்தம் கேட்டுது."

அண்ணன்தான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பால்காரரின் மனைவி தன் போர்வையைக் கழற்றி எறிந்துவிட்டு மேடை ஏறி, பட்டுத் துணியைத் தூக்கினார். பெடல் இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி எடை மெஷினுக்கு அடியில் போனது. தேய்ந்துபோன செருப்புக் காலும் அதன்மேல் இருந்தது. பாவம், ஐயாவும் உழைப்பாளிதான்.

அதற்குப் பிறகு அங்கே ஐயாவின் பாரம் எப்படி இறக்கப்பட்டது என்பதைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை. கொட்டகை வாசலில் அம்மா அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை இல்லாமல், பகல் வெளிச்சத்தில், ரொம்ப நாளைக்குப் பிறகு. கன்ன எலும்பைத் தொட்டாள்.

"இது துக்கம் இறங்கினதில்லையா?"

"இல்லம்மா. உங்க பிள்ளைதான் இறங்கிட்டே இருந்தாரு" என்றார் நர்ஸம்மா.

அம்மாவே வண்டிக் கதவைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் யாரும் முள்ளைக் காட்டி மயக்கவில்லை. அண்ணனைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு அற்புதமும் நடக்கவில்லை. ஒருநாள் அரை ரொட்டி தின்றான். இன்னொரு நாள் அதுவும் வேண்டாம் என்றான். வீட்டுக்கு வந்த பிறகும் நர்ஸம்மா வந்து அதே கேள்விகளைக் கேட்டார். அந்தப் பெரிய கேள்வியையும் விடாமல் கேட்டார். மாத்திரைகளை அண்ணி தன்னிடம் வைத்துக்கொண்டு வேளைக்குக் கொடுத்தாள். அம்மா இப்போது மருந்துக்கடை மெஷினிலிருந்து ஓடி வருவாள்: "ஏறிடுச்சு! ஒரு கிலோ ஏறிடுச்சு!" பெல்ட்டின் பழைய ஓட்டைக்குத் திரும்பியதைத் தெருவெல்லாம் காட்டினாள். காட்டாமல் அவளால் இருக்க முடியாது.

ஒரு காலை அண்ணன் பக்கத்துப் பட்டறை வாசலில் போய் நின்றான். "பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் மட்டும் குடுங்க. ஒரு சின்ன வேலை இருக்கு." அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். விசில் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

தராசு ஐயா ஊரைவிட்டுப் போய்விட்டார். கொட்டகை காலியாக இருக்கிறது என்று வருத்தப்படாதீர்கள். நிழலை அளந்து கவலையை வெட்டியெடுக்கிற ஒருவர் அடுத்த வாரம் வருகிறாராம். எங்கள் தெருவிலேயே சிலர் இப்போதே இடம் பிடித்துவிட்டார்கள்.

அவர்களுக்காகத்தான் அந்த வாளியைப் பட்டறை வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வாளிக்குள் ஒன்றுமில்லை; அதனால் அது போர்வைக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தது. உங்களுக்கு என்ன வந்தது?